பஞ்சாங்கத்தில் அடங்காத விண்மீன்கள்

அண்மையில் ஒரு ஞாயிறு மாலை அலசூரில் நம் அன்பர் ஒருவர் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். அவ்வீட்டுப் பாட்டியார் மூக்குக்கண்ணாடி அணிந்து, திருக்கணித பஞ்சாங்கத்தைப் புரட்டி, அடுத்த சந்திர கிரகணம் பிடிக்கும் நேரத்தையும் விடும் நேரத்தையும் வீட்டாருக்குப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அருகில் பாடம் எழுதிக்கொண்டிருந்த பேரன் தலை நிமிர்ந்து, "பாட்டி, கிரகணத்துக்கு நிமிஷம் வரைக்கும் போட்டிருக்கிறதே, எல்லா நட்சத்திரத்துக்கும் இதில் நேரம் உண்டா?" என்று கேட்டான். பாட்டியார் சிரித்துவிட்டு, "அதோ உட்கார்ந்திருக்கிறாரே, அந்த மாமாவைக் கேள்" என்று நம்மைக் காட்டிவிட்டார்.

அன்று நாம் அளித்தது அரைகுறையான விடையே. அச்சிறுவனுக்குச் சொல்லாமல் விட்டதை இம்மாதம் இப்பகுதியில் நேயர்கள் அனைவருக்குமாக எழுத முற்படுகிறோம்.

உலகில் நிகழும் செயல்களுள் காலம் கணித்துச் சொல்லத்தக்கவை சில உள. கிரகணம் அத்தகையது. நூறாண்டு கழித்து வரப்போகும் கிரகணத்தையும் இன்றே கணித்து வைக்கலாம். வேறு சில செயல்கள் நிகழும் என்பது உறுதி. நிகழும் நாள் மட்டும் உறுதியன்று. ஐப்பசியில் மழை வரும் என்று நம் ஊர் உழவர் அறிவர். எந்தத் தேதியில் வரும் என்று அவரைக் கேட்டால் வானத்தைத்தான் காட்டுவார். விண்மீன்களிலும் இவ்விரு வகையும் உண்டு. ஒரே விண்மீனிடத்தில் இவ்விரண்டையும் ஒருங்கே காணலாம் என்பதுதான் வியப்பு.

1855ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள், ஜான் ரஸ்ஸல் ஹிண்ட் என்னும் ஆங்கில வானியலார் மிதுன மண்டலத்தில் அதுவரை அங்கே இராத ஒரு விண்மீனைக் கண்டார். சில நாளில் அது மங்கி மறைந்தது. இவ்வாறு திடீரெனத் தோன்றி மறைவனவற்றை 'நோவா' என்பர். புதியது என்பது அதன் பொருள். ஹிண்ட் கண்டதும் அவ்வாறான ஒன்றே என்று எண்ணியிருப்பர். ஆயின் 1856 மார்ச்சில், ஏறத்தாழ நூறு நாள் கழித்து, அதே இடத்தில் அது மீண்டும் ஒளிர்வதை நார்மன் போக்சன் என்னும் இளைஞர் கண்டார். புதிதாகத் தோன்றியது என்று கருதப்பட்டது, உண்மையில் தூங்குவதும் விழிப்பதுமாக இருக்கும் பழைய விண்மீன் என்பது அப்போது புலப்பட்டது. யூ ஜெமினோரம் என்று பெயர் பெற்ற அதுவே 'குறுநோவா' என்னும் இனத்தில் முதன்முதல் அறியப்பட்டது.

போக்சன் பெயரைத் தமிழர் மறத்தலாகாது. விண்மீன்களின் ஒளியை அளக்க இன்று உலகெங்கும் வழங்கும் அளவுகோலை வகுத்தவர் அவரே. ஒளித்தரத்தில் ஐந்து படி வேறுபாடு, ஒளியில் நூறு மடங்கு வேறுபாடு என்பது அவர் 1856இல் கூறிய கணக்கு. யூ ஜெமினோரம் உறங்கும்போது பதினான்காம் தரத்தில் இருக்கும். விழிக்கும்போது ஒன்பதாம் தரத்துக்கு வரும். எனவே ஓரிரு நாளில் அது நூறு மடங்கு ஒளி பெறுகிறது. இவ்வறிஞர் 1861இல் சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வு நிலையத்தின் தலைமை ஏற்று, 1891இல் மறையும் வரை முப்பது ஆண்டு அங்கேயே உழைத்தார்.

அவரிடம் துணைவராயிருந்த நம்மவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரியார். கண்ணால் காணும் வானத்துக்குக் கணிதம் ஒத்திருத்தல் வேண்டும் என்று வாதாடித் திருக்கணித முறைக்காக உழைத்த பெரியார் அவர். 1867இல் ஆர் ரெட்டிக்குலி என்னும் விண்மீனின் ஒளி கூடிக் குறைவதைக் கண்டறிந்தவரும் அவரே. பஞ்சாங்கத்தைத் திருத்த முயன்ற அதே கண்கள், பஞ்சாங்கத்தில் அடங்காத விண்மீன்களையும் இரவுதோறும் பார்த்திருந்தன என்பதை அந்தப் பாட்டியாருக்குச் சொல்லியிருக்க வேண்டும். நமக்கு அன்று தோன்றவில்லை.

அந்தச் சென்னை நிலையத்தின் கதை நம் குடும்பங்களின் கதை போன்றதே. 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் பெற்ற அது, 1899இல் கொடைக்கானலுக்குக் குடிபெயர்ந்தது. 1971இல் இந்திய வானியற்பியல் நிறுவனம் என்னும் தன்னாட்சி அமைப்பாகிப் பின்னர் நம் பெங்களூருக்கு வந்து கோரமங்கலத்தில் நிலைகொண்டது. தமிழ்நாட்டில் பிறந்து, இடையில் ஒரு மலையூரில் வாழ்ந்து, இங்கே வந்து வேரூன்றிய நிறுவனம் அது. வந்த பின்னும் பிறந்த மண்ணோடு உறவு விடவில்லை. வாணியம்பாடிக்கு அருகே ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வு நிலையம் இதனைச் சேர்ந்ததே.

இனி, இவ்விண்மீன்கள் ஏன் இப்படி விழித்து உறங்குகின்றன என்பதைச் சிறிது ஆராய்வோம்.

குறுநோவா ஒரு விண்மீன் அன்று. ஒன்றையொன்று சுற்றிவரும் இரட்டை. ஒன்று வெண்குறுமீன், சூரியனை ஒத்த எடையைப் பூமியின் பருமனுக்குள் அடக்கிவைத்த, எரிபொருள் தீர்ந்த விண்மீன். இத்தகைய பொருளின் எடைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்று இளமையிலேயே கணித்துக் காட்டி, 1983இல் நோபெல் பரிசு பெற்றவர் நம் சுப்பிரமணியன் சந்திரசேகர். மற்றொன்று, சூரியனிலும் சிறிய, செந்நிறமான சாதாரண விண்மீன். இரண்டும் மிக நெருங்கிச் சுற்றுவதால், சிறியதன் வாயு இழுக்கப்பட்டு வெண்குறுமீனை நோக்கிப் பாய்கிறது. பாய்வது நேரே விழாமல், சுழன்று சுழன்று ஒரு தட்டுப் போல் அதைச் சூழ்ந்து நிற்கிறது.

திருவிழாக் கடைகளிலும் பள்ளிக் கண்காட்சிகளிலும் வசுதேவர் கிண்ணம் என்னும் ஒரு வேடிக்கைப் பாத்திரத்தை நேயர்கள் சிலர் கண்டிருக்கலாம். குழந்தைக் கண்ணனைத் தாங்கிய வசுதேவர் உருவம் நடுவில் இருக்கும். நீர் ஊற்ற ஊற்றக் கிண்ணம் நிரம்பிக்கொண்டே வரும். கண்ணனின் பாதத்தைத் தொட்டதும், நீர் முழுவதும் அடியில் உள்ள மறைகுழாய் வழியே வடிந்துவிடும். ஊற்றுவது சீராகத்தான், வடிவதுதான் திடீரென்று.

குறுநோவாவின் வாயுத் தட்டும் ஏறத்தாழ இவ்வாறே. குளிர்ந்த நிலையில் அதனுள் உராய்வு குறைவு. வருகிற வாயு உள்ளே செல்லாமல் தங்கித் திரள்கிறது. திரளத் திரளச் சூடேறி, சில ஆயிரம் பாகை வெப்பம் ஆனதும் ஹைட்ரஜன் அணுக்கள் சிதைந்து மின்னேற்றம் பெறுகின்றன. உடனே தட்டின் தன்மை மாறி, உராய்வு மிகுந்து, தேங்கியது உள்நோக்கிச் சரிகிறது; சரியும் வேகத்தில் எழும் வெப்பமே நாம் காணும் பேரொளி. சில நாளில் தட்டு குளிர்ந்து மீண்டும் தேங்கத் தொடங்குகிறது. 1974இல் ஜப்பானியர் ஒஸாக்கி முன்வைத்த இக்கருத்தைப் பின்வந்தோர் விரித்து நிலைநாட்டினர். கிண்ணத்துக்கும் இதற்கும் ஒரு வேற்றுமை உண்டு. கிண்ணம் முழுதும் வடிந்துவிடும். தட்டில் ஒரு பகுதியே வடியும். ஒவ்வொரு முறையும் எஞ்சி நிற்பது ஒரே அளவாக இராமையால், அடுத்த முறை நிரம்பும் காலமும் ஒரே அளவாக இருப்பதில்லை.

யூ ஜெமினோரத்தின் இரு விண்மீன்களும் ஒன்றையொன்று சுற்ற ஏறத்தாழ நாலேகால் மணி ஆகிறது. இதை நொடிக் கணக்கில் முன்கூட்டிச் சொல்லலாம். அதுவரை அது பஞ்சாங்கம் போலத்தான். ஆனால் அது அடுத்து என்றைக்கு வெடிக்கும் என்று கேட்டால், சராசரியாக நூறு நாளுக்கு ஒரு முறை என்ற விடைதான் கிடைக்கும். இரண்டு மாதத்தில் வெடித்ததும் உண்டு. எட்டு மாதம் காக்க வைத்ததும் உண்டு.

சராசரி என்னும் சொல்லில் நாம் எளிதில் ஏமாறுகிறோம். அன்ன மண்டலத்தில் எஸ்.எஸ். சிக்னி என்னும் குறுநோவா உள்ளது. 1896இல் அமெரிக்க நாட்டு ஹார்வர்டு வானாய்வு நிலையத்தில் லூயிசா வெல்ஸ் என்னும் அம்மையார் கண்டுபிடித்தது. அன்றுமுதல் அதன் வெடிப்பு ஒன்றுகூடத் தவறாமல் பதிவாகியுள்ளது என்று சொல்லத்தக்க அளவுக்கு உலகோர் அதனைப் பார்த்து வருகின்றனர். பன்னிரண்டாம் தரத்திலிருந்து எட்டாம் தரத்துக்கு எழும் அது, சராசரி ஐம்பது நாளுக்கு ஒரு முறை வெடிக்கிறது. ஆயின் இரு வார இடைவெளியும் உண்டு. மூன்று மாத இடைவெளியும் உண்டு.

வெடிப்பு நீடிக்கும் காலத்தை எண்ணிப் பார்த்தபோது மற்றொரு செய்தி கிடைத்தது. ஒரு வாரம் அளவில் முடிவன ஒரு கூட்டம். இரு வாரம் அளவு நீள்வன மற்றொரு கூட்டம். இரண்டுக்கும் நடுவில் விழுவன குறைவு. இவற்றை ஒன்றாகக் கூட்டிச் சராசரி எடுத்தால் வரும் எண், பெரும்பாலும் எந்த வெடிப்புக்கும் பொருந்தாது. ஐந்து வயதுப் பேரனும் எழுபத்தைந்து வயதுத் தாத்தாவும் உள்ள வீட்டில் சராசரி வயது நாற்பது; நாற்பது வயதுக்குச் சட்டை தைத்தால் இருவருக்கும் ஆகாது. மேலும், நீண்டதும் குறுகியதும் மாறி மாறி வரும் போக்கு எஸ்.எஸ். சிக்னியிடம் மிகுதி. ஆனால் அது விதியன்று, போக்கு மட்டுமே. ஒரு நூற்றாண்டுக்கு மேல் இப்படிப் பழகிய அவ்விண்மீன், 2021இல் முழுமையாக உறங்காமலும் முழுமையாக வெடிக்காமலும் தடுமாறி நின்று, ஆராய்ச்சியாளரைத் திகைக்க வைத்தது.

எண்களை நம்புவோருக்கு மற்றுமொரு பாடம் உண்டு. அம்பு மண்டலத்திலுள்ள டபிள்யூ.இசட். சாஜிட்டே என்னும் குறுநோவா 1913இல் வெடித்தது; அடுத்து 1946இல்; அதற்கடுத்து 1978இல். முப்பத்துமூன்று ஆண்டு, முப்பத்திரண்டு ஆண்டு. இனி 2010ஐ ஒட்டித்தான் வெடிக்கும் என்று யார்தான் எண்ணமாட்டார்? அது 2001இல், இருபத்துமூன்று ஆண்டிலேயே வெடித்தது. இரண்டே இடைவெளிகளைக் கொண்டு விதி வகுத்தவர் ஏமாந்தனர். அன்றிரவும் வழக்கம்போல் வானத்தைப் பார்த்தவர் ஏமாறவில்லை.

அப்படியாயின் கணக்கெடுப்பதால் பயன் என்ன என்று கேட்கலாம். பயன் உண்டு. நீண்ட காலம் உறங்கும் குறுநோவாக்கள், விழிக்கும்போது மிகப் பெரிதாக வெடிக்கின்றன. அடிக்கடி வெடிப்பன சிறிதாகவே வெடிக்கின்றன. இப்பொதுப் போக்கை 1934இல் குக்கார்க்கின், பாரெனாகோ என்னும் ருஷ்ய அறிஞர் இருவர் சுட்டினர். எந்த ஒரு வெடிப்பின் நாளையும் இது கூறாது. ஆனால் வாயுத் தட்டில் தேங்கி வடியும் முறைக்கு இத்தகைய போக்குகளே சான்று. ஒரு தனி நிகழ்ச்சி நமக்கு ஒன்றும் கூறாத இடத்தில், நூறு நிகழ்ச்சிகள் சேர்ந்து உள்ளிருக்கும் இயந்திரத்தைக் காட்டிக்கொடுக்கின்றன.

அந்த நூறு நிகழ்ச்சிகளைச் சேர்த்து வைத்தவர் யார்? நேயர்கள் இதனை ஊன்றிப் படிக்குமாறு வேண்டுகிறோம். பெரும்பகுதியைச் சேர்த்தது ஒரு சங்கம். 1911இல் அமெரிக்காவில் தொடங்கிய, மாறும் விண்மீன்களை நோக்குவோர் சங்கம் அது. உறுப்பினர் பெரும்பாலோர் வேறு தொழில் செய்து பிழைத்தவர். ஊதியமின்றி இரவு விழித்துத் தாம் கண்டதை மாதந்தோறும் எழுதி அனுப்பியவர்.

அவர்களுள் ஒருவர் நம் நாட்டவர். ராதா கோபிந்த சந்திரர் என்னும் அவர், வங்காளத்து ஜெசூரில் கருவூலத்தில் சிறு உத்தியோகத்தில் இருந்தார். பள்ளி இறுதித் தேர்வில் தேறாதவர். மூன்றங்குலத் தொலைநோக்கி ஒன்றை வாங்கி வானத்தைப் பார்த்தார். 1918இல் கழுகு மண்டலத்தில் தோன்றிய நோவாவைத் தாமே கண்டார். அமெரிக்கச் சங்கம் அவரைத் தன் உறுப்பினராக்கி, ஆறங்குலத் தொலைநோக்கி ஒன்றைக் கப்பலில் அனுப்பிவைத்தது. அதன் பின் பல்லாயிரக்கணக்கான குறிப்புகள் ஜெசூரிலிருந்து கடல் கடந்தன. நாட்டுப் பிரிவினைக்குப் பின் அவரும் ஊரை விட்டுக் குடிபெயர நேர்ந்தது. அத்தொலைநோக்கி, சென்னையில் பிறந்து இந்திய வானியலை வளர்த்த வைணு பாப்புவின் கைக்கு வந்து, இறுதியில் காவலூரை அடைந்தது. 1986 முதல் தொண்ணூற்றிரண்டு அங்குலப் பெருந்தொலைநோக்கி விளங்கும் அம்மலைக்கு, ஒரு கருவூல ஊழியரின் கருவியும் உரிய சொத்தாயிற்று.

இத்தகையோர் உழைப்பின் பயனை 2013இல் உலகம் கண்டது. எஸ்.எஸ். சிக்னியின் தூரம் ஏறத்தாழ 520 ஒளியாண்டு என்று ஹப்பிள் தொலைநோக்கி அளந்திருந்தது. அவ்வளவு தொலைவில் இருப்பின், அதன் ஒளி வாயுத் தட்டுக் கொள்கைக்கு ஒவ்வாத அளவு மிகுதி. கொள்கையையே கைவிட நேரும். ரேடியோ தொலைநோக்கிகளால் வேறு வழியில் அளக்கலாம். ஆனால் வெடிக்கும் நாளில்தான் அது ரேடியோ அலை வீசும். அந்த நாளை எந்தப் பஞ்சாங்கமும் கூறாது. ஆகவே பல நாடுகளிலும் உள்ள சங்கத்தினர் இரவுதோறும் காத்திருந்து, ஒளி எழுந்ததும் செய்தி அனுப்பினர். கிடைத்த விடை ஏறத்தாழ 370 ஒளியாண்டு. கொள்கை பிழைத்தது.

இன்று இயந்திரங்கள் இரவு முழுவதும் வானத்தைப் படமெடுக்கின்றன. லடாக்கில் ஹான்லே மலைமேல் நாலாயிரத்தைந்நூறு மீட்டர் உயரத்தில் உள்ள தொலைநோக்கியை, நம் ஊருக்கு அடுத்த ஹொசக்கோட்டையில் அமர்ந்தபடியே இயக்குகின்றனர். 2015இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் புற ஊதாத் தொலைநோக்கியும் இங்கு உருவானதே. இவை நமக்குப் பெருமை. ஆயினும் எத்துணைப் பெரிய இயந்திரமாயினும், 1896ஆம் ஆண்டின் ஓர் இரவை இனித் திரும்பிப் பார்க்க அதனால் இயலாது. அன்று பார்த்து எழுதியவர் எழுதியதே நமக்கு உண்டு. எழுதாமல் விட்டது என்றைக்கும் இல்லை. போக்சன் சென்னையில் எழுதிவைத்த குறிப்புகளில் ஒரு பகுதி, அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்தே அச்சேறியது. யாரோ அவற்றைப் பழைய காகிதம் என்று எறியாமல் காத்தமையால்தான் அதுவும் கிடைத்தது.

நாமே செய்த பிழை ஒன்றை இங்கு ஒப்புக்கொள்கிறோம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பனிக்காலம் முழுவதும் ஒரு விண்மீனைப் பார்த்து நோட்டுப் புத்தகத்தில் எழுதிவந்தோம். கண்ட நாளை மட்டும் எழுதினோம்; காணாத நாளை எழுதவில்லை. பின்னர் எடுத்துப் பார்த்தபோது, வெற்றாக விட்ட நாள்களில் விண்மீன் மங்கியிருந்ததா, மேகம் மூடியிருந்ததா, அல்லது நாம்தான் தூங்கிவிட்டோமா என்று சொல்ல முடியவில்லை. நான்கு மாத உழைப்பு வீணாயிற்று. 'பார்த்தேன், காணவில்லை' என்பதும் ஒரு செய்தியே. அதை எழுதாவிடில் இடைவெளியை எண்ண முடியாது.

ஆதலின், நம் பிள்ளைகளுக்கு ஒரு யோசனை கூறுகிறோம். பெங்களூரின் விளக்கொளியில் மங்கலான விண்மீன்கள் தெரிவதில்லை. ஆனால் நம்மில் பலர் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சொந்த ஊர் செல்கிறோம். தீபாவளி அமாவாசையை ஒட்டி வருவது. வாண வேடிக்கையின் புகை அடங்கிய மறுநாள்களில், முன்னிரவில் வடமேற்கே அன்ன மண்டலம் தெரியும். எஸ்.எஸ். சிக்னி விழித்திருக்கும் நாளாயின், நல்ல இரட்டைக்கண் நோக்கியும் விண்மீன் படமும் கொண்டு அதனைக் காண முயலலாம். பொங்கல் இரவுகளில் கிழக்கே மிதுனம் உயர்ந்து வரும். யூ ஜெமினோரத்துக்குச் சிறு தொலைநோக்கி வேண்டும். நாள், மணி, பக்கத்து விண்மீனோடு ஒப்பிட்ட ஒளி, வானத்தின் நிலை ஆகிய நான்கையும் எழுதுக. தெரியாவிடில் தெரியவில்லை என்றே எழுதுக.

அடுத்த ஞாயிறு அலசூருக்குச் செல்லும்போது அச்சிறுவனுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிச் செல்ல எண்ணியிருக்கிறோம். பாட்டியாரின் பஞ்சாங்கத்துக்கு அருகிலேயே அதையும் வைக்கச் சொல்வோம். வரப்போவதைக் கூறும் புத்தகம் ஒன்று. வந்ததைக் குறிக்கும் புத்தகம் மற்றொன்று. ஒரு வீட்டில் இரண்டும் இருத்தல் நலம்.